முற்றம் இல்லாத அங்கன்வாடி

அங்கன்வாடி என்ற பெயருக்குள்ளேயே முற்றம் இருக்கிறது. மராத்தியில் 'அங்கண்' என்றால் முற்றம். தமிழிலும் அங்கணம் உண்டு. முற்றம் என்பது அதன் ஒரு பொருள். கழிவுநீர் ஓடும் இடம் என்பது இன்னொன்று. தாராவிச் சந்துகளில் மூன்று வயதுக் குழந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது பொருள்தான்.

1975 அக்டோபர் 2-ம் தேதி நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, முதல் பட்டியலிலேயே தாராவி இருந்தது. ஆனால் திட்டத்தின் பெயரைக் கொடுத்த யோசனை பிறந்தது, மும்பைக்கு வடக்கே இன்றைய பால்கர் மாவட்டத்தில். தாராபாய் மோடக் 1945-ல் போர்டி கிராமத்தில் பால்வாடி தொடங்கினார். அனுதாயி வாக் துணைக்கு வந்தார். ஆதிவாசிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. சரி, பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று குடிசை முற்றத்திலேயே வகுப்பு நடந்தது. பின்னர் கோஸ்பாட் குன்றுக்கு இடம் மாறியதும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி. விலை உயர்ந்த மாண்டிசோரி சாதனங்களுக்குப் பதிலாகக் கூழாங்கல், இலை, விதை. கல்லை எண்ணினால் கணக்கு, இலையைப் பிரித்து அடுக்கினால் வடிவமும் நிறமும்.

மாண்டிசோரி அம்மையாரே இதை ஆட்சேபித்திருக்க மாட்டார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு செடிகளையும் உயிரினங்களையும் கவனித்தே தன் கல்வி முறையை விரிவாக்கினார். இன்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு, அடுக்குமாடியின் ஒரு பிளாட்டில் எல்.கே.ஜி. நடத்துகிறார்கள். மாட்டுங்காவிலோ, நடந்து போகிற தூரத்தில் 'ஃபைவ் கார்டன்ஸ்' பூங்காக்கள் இருக்கின்றன. அங்கே காலையில் நடப்பவர்கள் பெரியவர்கள். குழந்தை அந்த நேரத்தில் எழுத்துப் பயிற்சி நோட்டோடு போராடிக்கொண்டிருக்கும்.

மண்ணில் விளையாடினால் கெட்டுப் போகும், வெயிலில் கறுத்துப் போகும் என்று தயங்கும் பெற்றோர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் 6, 7 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்களில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது; மற்றவர்களில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. தைவான் 2010 முதலே தினமும் 120 நிமிட வெளிப்புற நேரத்தை வலியுறுத்தி வருகிறது. கண்ணாடிக்கடைக்காரரைத் தவிர யாருக்கும் இதில் நஷ்டம் இல்லை.

செம்பூர்க்காரர்களின் கவலை வேறு. பக்கத்தில் மாஹுல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை. காற்று மோசமான நாளில் குழந்தையை உள்ளே வைத்திருப்பதுதான் சரி. ஆனால் அது சில நாள்களுக்கான விதி, ஆண்டு முழுவதற்குமானதல்ல.

இடமே இல்லை என்ற வாதத்துக்குத் தாராவி ஓரத்திலேயே பதில் இருக்கிறது. மித்தி ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் நகரத்தின் குப்பைமேடாக இருந்த சுமார் 37 ஏக்கர், 1994-ல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பையின் மேல் மண் போட்டு, மரம் நட்டு வளர்த்த காடு. பட்டாம்பூச்சியும் பறவையும் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள். எதிர்ப்பக்கத்துச் சந்தின் மழலைகளுக்கோ, இடையில் லாரிகள் விரையும் சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலை. ஒரு பணியாளர் இருபது குழந்தைகளைக் கைபிடித்துக் கடக்கும் காரியமல்ல அது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வாரம் ஒரு காலை ஐந்து நிமிடம் கை நீட்டி நின்றால் நடக்கும்.

தாராவியை இடித்துக் கட்டும் ஒப்பந்த ஏலத்தை 2022-ல் அதானி குழுமம் வென்றது. தகுதி பெறுவோருக்கு 350 சதுர அடி வீடு என்று 2024-ல் அறிவிப்பு வந்தது. யாருக்குத் தகுதி, எத்தனை மாடி என்ற சண்டையே பெரிதாக இருக்கும்போது மூன்று வயதுக்காரர்களின் முற்றத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. வரைபடம் மாற்ற முடிகிற நிலையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்: அங்கன்வாடி தரைத்தளத்தில் இருக்க வேண்டும், அதன் வாசலில் வண்டி நிறுத்தாத கொஞ்சம் மண்தரையும் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு வேப்பமரமும் வேண்டும்.