நாட்பட்ட பெண்குறி வலியில் நோயெதிர்ப்புச் செல்களின் பங்கு: ஊரக மகப்பேறு மருத்துவ நோக்கில்

முன்னுரை

பெண்குறியின் புறப்பகுதியில் தெளிவான காரணம் புலப்படாமல் 3 மாதங்களுக்குக் குறையாது நீடிக்கும் வலி ‘வல்வோடினியா’ எனப்படுகிறது. பெண்குறி நோய்களை ஆராயும் பன்னாட்டுச் சங்கமும் பிற அமைப்புகளும் 2015இல் இவ்வரையறையை ஏற்றன. கிருமிச் சோதனையில் எதுவும் அகப்படாதபோது நோயே இல்லை என்று முடிவுசெய்வது எளிது. அம்முடிவு பிழையாகலாம் என்பதை நோயெதிர்ப்புச் செல்கள் பற்றிய ஆய்வுகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

மாஸ்ட் செல்களும் நரம்பிழைகளும்

மாஸ்ட் செல்கள் ஒவ்வாமையின்போது ஹிஸ்டமினை வெளியிடுபவை. யோனிவாயிலில் வலியுள்ள பெண்களின் திசுவில் இச்செல்கள் மிகுந்திருப்பதை இஸ்ரேலில் போர்ன்ஸ்டைன் குழுவினர் கண்டனர். இவை சுரக்கும் ஹெப்பரனேஸ் என்னும் நொதி மேற்புறத் திசுவின் அடிச்சவ்வைச் சிதைக்க வல்லது. சிதைந்த இடத்தின் வழியே வலியுணர் நரம்பிழைகள் மேல்நோக்கிப் பரவுகின்றன என்பது அவர்களது விளக்கம். மெல்லிய தொடுகையும் வலியாக உணரப்படுவதன் காரணம் இதனால் புலனாகிறது.

திசுவின் மிகை எதிர்வினை

ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஃபாஸ்டர் குழுவினர் ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் இணைப்புத்திசுச் செல்களை ஆராய்ந்தனர். நோயாளிகளின் யோனிவாயிலிலிருந்து எடுத்த செல்கள், கேண்டிடா பூஞ்சையை எதிர்கொண்டபோது, இன்டர்லூக்கின்-6, புரோஸ்டாகிளாண்டின் இ2 ஆகிய அழற்சிப் பொருள்களை மிகுதியாக வெளியிட்டன. தொற்றாகக் கருதப்படாத அளவுக்குக் குறைந்த பூஞ்சையும் இவ்வெதிர்வினையைத் தூண்டப் போதுமானதாக இருந்தது. ஆகவே, தொற்று தணிந்த பின்னரும் அழற்சி தொடர இடமுண்டு.

ஊரக மருத்துவச் சூழல்

மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங் குழுவினர் 650 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1989இல் வெளியாயிற்று. அவர்களுள் 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோய்கள் இருந்தன. முன்னரே பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினரே. கூச்சமும் பரிசோதனை வாய்ப்பின்மையும் நோயை மறைக்கின்றன என்பதற்கு இது சான்று.

மல்லிகைச் சாகுபடிக்கும் பூச்சந்தைக்கும் பெயர்பெற்ற நிலக்கோட்டை போன்ற வட்டங்களில், அரசு மருத்துவமனையே எளிய பெண்களின் முதற்புகலிடம். வெள்ளைப்படுதலுக்கு, செக்னிடசோல் 2 கிராமும் ஃபுளூகோனசோல் 150 மில்லிகிராமும் கொண்ட பச்சைநிற மருந்துப்பொதியை அறிகுறியின் அடிப்படையிலேயே வழங்குவது தேசியத் திட்ட நெறிமுறை. தொற்றுக்கு இது பயனளிக்கும், வல்வோடினியாவைத் தீர்க்காது. வலியையும் தொற்றாகவே கருதி இப்பொதியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் காலம் வீணாகும்.

வேறுபடுத்தி அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஈரப்பஞ்சுக் குச்சியால் யோனிவாயிலைச் சுற்றிக் கடிகார எண்களின் வரிசையில் மெல்லத் தொட்டு, ஒவ்வோரிடத்திலும் வலியின் அளவை 0 முதல் 10 வரை நோயாளியையே சொல்லச் செய்தால் வலியின் இடம் தெரியவரும். மாஸ்ட் செல் மிகுதி எல்லா நோயாளிகளிடமும் காணப்படுவதில்லை. எனவே திசுவெடுத்து அவற்றை எண்ணுவது நோயறிதலுக்கு இன்றியமையாததன்று.

முடிவுரை

கிருமி இன்மை வேறு, நோய் இன்மை வேறு. நோயெதிர்ப்புச் செல் ஆய்வுகள் இவ்வேறுபாட்டுக்கு உடலியல் அடிப்படை தருகின்றன. இரண்டாம் முறையும் மருந்து பயனளிக்காதபோது மூன்றாவது பொதியைத் தருவதற்கு முன் பஞ்சுக்குச்சிச் சோதனையைச் செய்வது, ஊரக மருத்துவமனையிலும் இயலும் முதற்படியாகும்.