தினமும் 8 டம்ளர் தண்ணீர் அனைவருக்கும் பொருந்துமா? யார், எவ்வளவு குடிக்க வேண்டும்?

பெங்களூரு: பெங்களூருவின் தென்கிழக்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. ஷிப்டு மாறும் வேளையில் தொழிலாளர்கள் திரளாகச் செல்லும் இப்பகுதியில்தான், இதய சிகிச்சைக்குப் பெயர் பெற்ற நாராயணா ஹெல்த் சிட்டி மருத்துவமனையும் இயங்கி வருகிறது. இயந்திர வெப்பத்தில் 8 மணி நேரம் வியர்வை சிந்தும் தொழிலாளிக்கும், இதயச் செயலிழப்பால் கால் வீங்கிய முதியவருக்கும் ஒரே அளவு தண்ணீரைப் பரிந்துரைக்க இயலாது. ஆயினும், 'தினமும் 8 டம்ளர்' என்ற அறிவுரையே இருவருக்கும் கூறப்படுகிறது.

8 டம்ளர் கணக்கு எங்கிருந்து வந்தது?

1945ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் ஊட்டச்சத்து வாரியம், வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.5 லிட்டர் நீர் தேவை எனக் குறிப்பிட்டது. இதில் பெரும்பகுதி உணவிலேயே உள்ளது என்றும் அந்த அறிக்கை தெரிவித்திருந்தது. காலப்போக்கில் முதல் வரி நிலைத்தது; இரண்டாவது வரி மறக்கப்பட்டது. அமெரிக்காவின் டார்ட்மவுத் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உடலியல் நிபுணர் ஹெய்ன்ஸ் வால்டின், 2002ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஆரோக்கியமான நபர்கள் தினமும் 8 டம்ளர் குடித்தே ஆக வேண்டும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடைக்கவில்லை எனப் பதிவு செய்தார். மிதமான தட்பவெப்பத்தில், கடின உழைப்பு இன்றி வாழ்வோருக்கே இம்முடிவு பொருந்தும் என்பதையும் அவர் தெளிவுபடுத்தியிருந்தார்.

நிபுணர் அமைப்புகள் கூறுவது என்ன?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டுதல்கள், ஆரோக்கியமான ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 டம்ளர், அதாவது 2 லிட்டர் தண்ணீர் தேவை என்கின்றன. கடும் வெப்பத்திலும் கடின உழைப்பின்போதும் இந்த அளவு உயரும்.

அமெரிக்க தேசிய அகாடமிகள் 2004ஆம் ஆண்டு ஆண்களுக்கு 3.7 லிட்டர், பெண்களுக்கு 2.7 லிட்டர் என நிர்ணயித்தன. இது வெறும் குடிநீரின் அளவு அன்று. அனைத்து பானங்களும் உணவில் உள்ள நீரும் சேர்ந்த மொத்த அளவு. இதில் சுமார் 20 சதவீதம் உணவிலிருந்தே கிடைக்கிறது. வேகவைத்த சோற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். ரசம், மோர், இளநீர், தேநீர் ஆகியவையும் இக்கணக்கில் சேரும்.

23 நாடுகளைச் சேர்ந்த 5,604 பேரிடம் நடத்தப்பட்டு 2022ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, வயது, பாலினம், உடல் உழைப்பு, தட்பவெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து உடலின் நீர்ப் பயன்பாடு பெரிதும் வேறுபடுவதை உறுதி செய்தது.

உழைப்பாளர்களுக்குக் கூடுதல் கவனம்

வெப்பத்தில் வேலை செய்வோர் போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, வெப்பத் தளர்ச்சி ஏற்படலாம். இந்நிலை நீண்ட காலம் நீடித்தால் சிறுநீரகக் கல் உருவாகும் அபாயமும் அதிகம். தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, வெப்ப அழுத்தத்துடன் சிறுநீரகச் செயல்பாட்டுக் குறைவையும் பதிவு செய்துள்ளது.

கழிப்பறை வசதி இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பெண் தொழிலாளர்களும் உள்ளனர். இவர்களுக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று ஏற்படும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே, இதைத் தனிநபர் பழக்கமாக மட்டும் கருத முடியாது. 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் வெப்பக் காலத்தில் குளிர்ந்த குடிநீர் வழங்க வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்திருந்தது.

யார் அளவோடு குடிக்க வேண்டும்?

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், சிறுநீர் வெளியேற்றம் குறைந்த சிறுநீரக நோயாளிகளுக்கும் கூடுதல் நீர் உடலில் தேங்கி, கால் வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கலாம். எனினும், நெதர்லாந்தில் நிலையான உடல்நிலை கொண்ட 504 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2025ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், தினமும் 1.5 லிட்டருக்குள் கட்டுப்படுத்தியதால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. தாகத் துன்பமே அதிகரித்தது. ஆகவே, அளவைக் குறைப்பதையும் கூட்டுவதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஆரோக்கியமானவர்களுக்கும் குறுகிய நேரத்தில் அளவு மிஞ்சினால் ஆபத்து உண்டு. சிறுநீரகங்களால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 லிட்டர் நீரையே வெளியேற்ற முடியும். அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம், வலிப்பு ஏற்படலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 வீரர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது.

எப்படி அறிவது?

* சிறுநீர் வெளிர் மஞ்சள் நிறத்தில் இருந்தால் நீர்ச்சத்து போதுமானதாக உள்ளது எனலாம். அடர் மஞ்சள் நிறம் பற்றாக்குறையின் அறிகுறி. வைட்டமின் மாத்திரைகளாலும் நிறம் மாறலாம்.
* ஆரோக்கியமான நபர்களுக்குத் தாகம் நல்ல வழிகாட்டி. முதியவர்களுக்குத் தாக உணர்வு குறைவதால், குடும்பத்தினர் அவ்வப்போது நினைவூட்டுவது அவசியம்.
* வெயிலில் உழைப்போர் தாகம் எடுக்கும் வரை காத்திராமல், சிறிது சிறிதாக இடைவெளி விட்டுக் குடிக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றில் சிறிது உப்பு சேர்ப்பது வியர்வையில் இழந்த உப்பை ஈடு செய்யும்.
* வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் வெறும் தண்ணீர் போதாது. ஓஆர்எஸ் கரைசல் தேவை.
* இதய, சிறுநீரக நோயாளிகளுக்குத் திடீர் எடை கூடுதல், கால் வீக்கம் தென்பட்டால் உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும்.

8 டம்ளர் என்பது ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு தொடக்கக் கணக்கு மட்டுமே. ஒருவரது வேலை, வயது, வானிலை, நோய்நிலை ஆகியவையே அவருக்கான சரியான அளவைத் தீர்மானிக்கின்றன.