பதின்பருவ வாசல் – 9: கேள்வி கேட்கும் பிள்ளை

“கோயிலுக்கு வாடான்னா வரமாட்டேங்கிறான். சாமி இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்னு என்னையே மடக்குறான்.”

இப்படி அங்கலாய்க்கும் அம்மாக்கள் இல்லாத தெரு இல்லை. காந்தியின் ‘சத்திய சோதனை’யில் பள்ளிப் பருவத்தைச் சொல்லும் பக்கங்களை அவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும்.

காந்தியின் தாய் புத்லிபாய் விரதங்களில் ஊறியவர். ஒரு சாதுர்மாஸத்தில் சூரியனைக் காணாமல் சாப்பிடுவதில்லை என்று விரதம் எடுத்தார். அதுவோ மழைக்காலம். பிள்ளைகள் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சூரியன் தலைகாட்டியதும் அம்மாவிடம் ஓடுவார்கள். அவர் வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். முகம் வாடாமல் திரும்பிப்போய் வேலையைப் பார்ப்பார்.

அந்த வீட்டுப் பிள்ளைக்கே ராஜ்கோட்டில் படிக்கும்போது சந்தேகம் வந்தது. கோயிலின் பகட்டு அவரை ஈர்க்கவில்லை. அப்பாவின் புத்தகங்களுக்கிடையே கிடைத்த மனுஸ்மிருதியைப் படித்தபோது, படைப்பைப் பற்றிய கதை மனதில் ஒட்டாமல், கொஞ்சம் நாத்திகத்தின் பக்கமே சாய்ந்தார். அறிவாளி என்று தான் மதித்த உறவினரிடம் போய்க் கேட்டார். பெரியவனானால் தானே விளங்கும், இந்த வயதில் இதெல்லாம் கேட்கக் கூடாது என்று பதில் வந்தது. பையனின் வாய் அடைந்தது, மனம் ஆறவில்லை. நம் வீடுகளில் இன்றைக்கும் இதே பதில்தான்!

ஆனால் அதே பதின்பருவத்தில் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். அண்ணனின் 25 ரூபாய்க் கடனை அடைக்க, அவர் அணிந்திருந்த தங்கக் காப்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுத்தார் காந்தி. அப்போது வயது 15. கடன் தீர்ந்தது, உறுத்தல் தீரவில்லை. நடந்ததை ஒரு தாளில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயில் பலகைமேல் படுத்திருந்த தந்தையிடம் நடுங்கியபடி நீட்டினார். கரம்சந்த் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. சிறிது நேரம் கண்களை மூடியிருந்தார். பிறகு தாளைக் கிழித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மகன் பயந்த கோபம் வரவேயில்லை.

கடவுளைப் பற்றித் தெளிவில்லாத பையனால் பொய்யோடு இருக்க முடியவில்லை. தாயின் விரதம் அவனுக்குள் எந்த வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். பெற்றோர் கொடுத்ததை உரசிப் பார்த்துத் தனதாக்கிக்கொள்ளும் வயது இது. பதின்பருவத்தின் அடையாளச் சிக்கலை ஆராய்ந்த உளவியல் அறிஞர் எரிக் எரிக்சன், காந்தியைப் பற்றி 1969இல் தனி நூலே எழுதினார்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, வரவில்லை என்பதற்காக அவனைக் கெட்டவன் என்று முடிவு கட்டாதீர்கள். தப்பை ஒப்புக்கொண்டு உங்கள் முன் வந்து நிற்கும் நாளில், தயவுசெய்து கையை ஓங்காதீர்கள்.

(தொடரும்)