சுவரில் தொடங்கிய சித்திரம்

திருவிழாப் பந்தலுக்குச் சோடனை செய்பவர், கடைப் பலகைக்கு எழுத்து எழுதுபவர், களிமண்ணில் உருவம் பிடிப்பவர் என்று, கைத்திறன் படைத்த இளைஞர் ஒருவராவது நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும் இருப்பார். வேலை முடிந்ததும் ஊர் அவரைப் பாராட்டும், மறுநாள் மறந்துவிடும். எப்போதாவது வெளியிலிருந்து ஒருவர் வந்து அவருடைய திறமையைக் கண்டுகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பின் நடக்க வேண்டியது என்ன? இக்கேள்வியைச் சிந்திப்பதற்கு, மத்திய இந்தியாவின் ஓவியர் ஜன்கர் சிங் ஷியாமின் வாழ்க்கை பெரிதும் துணைசெய்கிறது.

பாடகர் குலம்

மத்தியப் பிரதேசத்தில், நர்மதை ஆற்றின் மேற்பகுதியில் அமைந்துள்ள குன்றுப்புறக் கிராமம் பாட்டன்கர். இன்று திண்டோரி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் வாழ்பவர்கள், கோண்டு பழங்குடிகளின் ஒரு பிரிவினரான பர்தான்கள். இவர்கள் பரம்பரைப் பாடகர்கள். 'பானா' எனப்படும் மூன்று நரம்பு வாத்தியத்தை மீட்டியவாறு, கோண்டு குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்களுடைய முன்னோரின் கதைகளையும் பெரிய தெய்வமாகிய படாதேவரின் புகழையும் பாடுவது இவர்களின் தொழில். தானியமும் துணியும் மாடும் அதற்குச் சன்மானமாகக் கிடைத்தன. காலப்போக்கில் கொடுத்தவர்களே வறியவர்களாயினர். பாடியவர்கள் கூலி வேலைக்குப் போயினர்.

இத்தகைய ஒரு குடும்பத்தில் 1960களின் தொடக்கத்தில் ஜன்கர் பிறந்தார். குடிசன மதிப்பு நடைபெற்ற காலத்தை ஒட்டிப் பிறந்தமையால் அதனைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து அவருக்குப் பெயர் வந்தது என்பர். வறுமை காரணமாகப் பாடசாலையை இடையில் விட்டார். தோட்ட வேலை செய்தார், எருமை மேய்த்தார், அருகிலிருந்த பட்டினத்தில் பால் விற்றார். பதினாறு வயதளவில் சோன்பூர்க் கிராமத்து நன்குசியாவை மணந்தார். பின்னாளில் அவரும் ஓர் ஓவியரானார்.

இந்த அன்றாட வாழ்வுக்குள்ளேதான் கலையும் இருந்தது. பர்தான், கோண்டு வீடுகளில் பெண்கள் சாணமிட்டு மெழுகி, வெள்ளை மண், மஞ்சள் மண், செம்மண், கரி ஆகியவற்றால் நிலத்திலும் சுவரிலும் கோலம் வரைவர். திருமணத்துக்கும் பண்டிகைக்கும் புதிதாக வரைவர். சுவரில் களிமண்ணை ஒட்டிப் புடைப்பாக உருவங்கள் செய்வதும் உண்டு. ஜன்கரின் கை பழகியது இங்கேதான். அவருக்கு ஓவியப் பாடசாலை கிடையாது. ஆயினும் ஆசிரியர்கள் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சுவரிலிருந்து கடதாசிக்கு

1981ஆம் ஆண்டில், போபால் நகரில் 'பாரத் பவன்' என்னும் கலை நிலையத்தை அமைக்கும் வேலை நடைபெற்றுக்கொண்டிருந்தது. அதன் அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றவர், சிம்லாவில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த ஓவியர் ஜெகதீஷ் சுவாமிநாதன். நகரத்து நவீன ஓவியமும் பழங்குடி மக்களின் கலையும் ஒரே கூரையின் கீழ், சம மதிப்போடு வைக்கப்பட வேண்டும் என்பது அவரது உறுதியான கொள்கை. இளம் ஓவியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். பாட்டன்கருக்குச் சென்றவர்கள் ஒரு வீட்டுச் சுவரில் அனுமார் உருவம் ஒன்றைக் கண்டு, வரைந்தவர் யார் என்று விசாரித்தனர். ஜன்கர் அவர்களுக்கு அறிமுகமானது இவ்வாறே.

அவரைப் போபாலுக்கு அழைத்தனர். கடதாசியும் கடை வர்ணங்களும் கொடுத்தனர். 1982இல் பாரத் பவன் திறக்கப்பட்டபோது அவருடைய படைப்புகளும் அங்கு இடம்பெற்றன. பின்னர் அந்நிலையத்தின் அச்சோவியப் பிரிவில் அவருக்கு உத்தியோகமும் கிடைத்தது.

அவர் செய்த புதுமையை இங்கு விளங்கிக்கொள்ள வேண்டும். பர்தான்கள் தம் தெய்வங்களைப் பாடினார்களேயன்றிப் படமாக வரையவில்லை. படாதேவர் மரத்தில் உறைபவர். அவருக்கு முகம் இல்லை. பாட்டில் மட்டுமே வாழ்ந்த தெய்வங்களுக்கும், காட்டு விலங்குகளுக்கும் மரங்களுக்கும் ஜன்கர் உருவம் கொடுத்தார். அவ்வுருவங்களின் உட்புறத்தை நுண்ணிய புள்ளிகளாலும் கோடுகளாலும் நிரப்பினார். அதனால் நிலையான உருவம்கூட அசைவது போலத் தோன்றும். இப்பாணி பிற்காலத்தில் அவர் பெயராலேயே 'ஜன்கர் கலம்' என அழைக்கப்பட்டது.

1986இல் மாநில அரசின் 'சிகர் சம்மான்' விருது கிடைத்தது. 1989இல் பரிஸ் நகரில், உலகின் பல பாகத்துக் கலைஞர்களையும் ஒன்றுசேர்த்த பெருங் கண்காட்சியில் அவரது ஓவியங்கள் வைக்கப்பட்டன. போபாலின் புதிய சட்டசபைக் கட்டடத்திலும் அவர் சுவரோவியம் தீட்டினார்.

வீடே வேலைத்தளம்

இப்புகழை அவர் தனியே அனுபவிக்கவில்லை என்பதே நாம் மிகவும் கவனிக்க வேண்டிய விடயம். ஊரிலிருந்து உறவினர்களைப் போபாலுக்கு வரவழைத்தார். அவர்கள் அவர் வீட்டில் தங்கி, அவர் வரைந்த உருவங்களின் உட்புறத்தை நிரப்பிக் கொடுத்தனர். அதுவே பயிற்சியும் ஆயிற்று. கை தேறியவர்கள் தமக்கென ஒரு நிரப்பு முறையைத் தேடிக்கொண்டனர். இன்று கோண்டு ஓவியர் ஒவ்வொருவருக்கும் கைரேகை போலத் தனித்த முறை ஒன்று உண்டு. படத்தைப் பார்த்தவுடனேயே யாருடையது என்று அறிந்தவர் சொல்லிவிடுவர்.

அவ்வாறு வந்தவர்களில் ஒருவர் பஜ்ஜு ஷியாம். சிறு வயதில், தாய் வீட்டுச் சுவரில் வரையும்போது அவருக்கு எட்டாத மேற்பகுதியை நிரப்பிக் கொடுத்தவர். மரம் நடும் கூலியாகவும் போபாலில் இராக்காவலாளியாகவும் வேலை செய்த பின்னரே ஜன்கரிடம் சேர்ந்தார். காவல் வேலையிலிருந்து கலைக்கு வர அவருக்கு வழி திறந்தது, உறவினர் ஒருவரின் வீட்டுக் கதவுதான்.

யப்பானில் நேர்ந்த முடிவு

ஜன்கரை அழைத்து வந்து தாங்கிநின்ற சுவாமிநாதன் 1994இல் காலமானார். ஜன்கர், யப்பானின் நீகாதா மாகாணத்திலுள்ள மிதிலா அருங்காட்சியகத்துக்கு ஓவியம் வரையச் சென்றார். முன்னரும் அங்கு போய்வந்தவர்தான். ஆனால் 2001 யூலை மாதத்தில், அங்கிருக்கும்போதே, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதளவில். தங்கியிருக்கும் காலம் நீடிக்கப்பட்டிருந்தது என்றும், வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் ஊர் திரும்பும் ஏக்கம் தெரிந்தது என்றும் பின்னர் செய்திகள் வந்தன. தூரதேசம் போகும் கிராமத்துக் கலைஞரின் நிலைமைகள் குறித்து இந்தியக் கலைஞர்கள் பலர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினர்.

ஒரு மரணத்துக்கு ஒரே காரணத்தைக் கற்பித்துவிடுவது நேர்மையாகாது. எனினும் அக்கேள்விகள் நியாயமானவை. ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது, கூலி எவ்வளவு, திரும்பும் நாள் எது, மனம் சோர்ந்தால் தன் மொழியில் பேச அருகில் யார் உளர் என்பனவற்றை அழைப்பவரும் அனுப்புபவரும் முன்கூட்டியே கேட்க வேண்டும். திறமையைக் கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை. கண்டுபிடித்தவருக்குத் துணைநிற்பது நீண்ட நாள் வேலை.

பின்வந்தவர்கள்

2002இல் பஜ்ஜு ஷியாம் இலண்டனுக்குச் சென்று, உணவகமொன்றின் சுவரில் இரண்டு மாதம் வரைந்தார். பின் ஊர் திரும்பித் தாம் கண்டதைத் தம் கண்ணாலேயே சொன்னார். அவருக்குப் பெரிய மணிக்கூண்டு நேரம் அறிவிக்கும் சேவலாகவும், நிலத்தடி இரயில் மண்புழுவாகவும், பஸ் வண்டி நம்பிக்கையான நாயாகவும் தோன்றின. சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் அதனை நூலாக்கியது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே மரபில் வந்த துர்காபாய் வியாம் என்னும் பெண்மணிக்கு 2022இல் அவ்விருது கிடைத்தது. சிறுமியாக வீட்டு நிலத்தில் கோலம் வரைந்தே கலையைத் தொடங்கியவர் அவர்.

ஜன்கரின் மனைவி நன்குசியாவும் பிள்ளைகள் மயங்கும் யப்பானியும் ஓவியர்களே. தந்தையின் யப்பான் பயணத்தின் நினைவாகவே மகளுக்கு அப்பெயர் இடப்பட்டது. பாட்டன்கரிலோ வீட்டுக்கு வீடு ஓவியர் உள்ளனர். படம் வாங்குவோர் அவ்வூரைத் தேடிச் செல்கின்றனர். முன்பு பானாவைச் சுமந்து வீடு வீடாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் திண்ணையில் இருந்தவாறே வரைந்து உழைக்கின்றனர். ஜன்கர் விட்டுச்சென்ற பெருஞ் சொத்து அதுவே.

நம் ஊரிலும் ஒரு சுவரில் யாரோ ஒருவர் வரைந்துகொண்டிருப்பார். அவரைப் பட்டினத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணுமுன், அவருக்கு வரையக் கற்றுக்கொடுத்த தாயிடமும் ஒரு வார்த்தை பேசிப் பார்ப்போம்.