ஒரிஜினல்தான் சார்... எந்த வருஷத்து ஒரிஜினல்?

பழைய கார் வாங்குகிறவர்களில் இரண்டு ரகம். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குகிறவர்கள், வாங்கிவிட்டு விசாரிக்கிறவர்கள். விழுப்புரத்திலிருக்கும் என் நண்பர் இரண்டாவது ரகம். சொசைட்டி லோன் போட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வாங்கினார். இரண்டே மாதத்தில் கார் புகைவண்டியாகிவிட்டது. பிஸ்டன் காலி!

திண்டிவனத்தில் ஒரு கடையில் பிரிக்காத பெட்டியில் ஒரு செட் இருந்தது. மேலே 'ட்ரையம்ஃப்' என்று கொட்டை எழுத்து. "லண்டன் சரக்கு சார், ஒரிஜினல். எட்டாயிரம்" என்றார் கடைக்காரர். நண்பர் பர்ஸைத் திறந்தாயிற்று. "கொஞ்சம் இருங்க தம்பி" என்று கூட வந்த மெக்கானிக் பாய் வெர்னியரை வைத்துப் பார்த்தார். 69 மில்லிமீட்டருக்கு மேல். ஹெரால்டின் சிலிண்டரோ 63!

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஒரிஜினல்தான். இந்தக் காருக்கு அல்ல, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டைத்தான் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று மெட்ராஸில் தயாரித்தார்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகப் போகும் அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. அங்கே இன்ஜின் 948 சி.சி.யிலிருந்து 1147, பிறகு 1296 என்று பிரமோஷன் வாங்கிக்கொண்டே போனது. நம் ஊர் ஹெரால்டு கடைசிவரை 948-லேயே ரிடையர் ஆனது! ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கி 1962-ல் அவர்கள் விட்ட 'ஸ்பிட்ஃபயர்' ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் 1147-தான். மூன்று இன்ஜினுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றே, 76 மி.மீ. அதனால்தான் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்ற வசனம் பிறக்கிறது. சிலிண்டர் விட்டம் 63, 69.3, 73.7 என்று மாறியதை யாரும் சொல்வதில்லை.

உள்ளூர் சரக்கிலும் உஷார் தேவை. 1971-ல் வந்த கேஸலுக்கும் அதே 948 இன்ஜின். ஆனால் ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் ஆக்ஸிலை மாற்றி, ஒரே துண்டான ஆக்ஸிலைப் போட்டுவிட்டார்கள். முன்னால் பங்காளி; பின்னால் அந்நியன்!

ஆகவே, ஆர்.சி. புத்தகத்து வருஷத்தை மட்டும் நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு வருஷம் தயாரான கார் மறுவருஷம் ரிஜிஸ்டர் ஆகியிருக்கலாம். கம்பெனிக்காரர்கள் ஜனவரி முதல் தேதி பார்த்துப் பார்ட்டை மாற்றுவதில்லை. 'இந்த நம்பரிலிருந்து' என்றுதான் பழைய பார்ட்ஸ் கேட்டலாக்கில் போட்டிருக்கும். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பார்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ரீபோர் ஆன இன்ஜின் என்றால் சிலிண்டரையும் அளந்துவிடுங்கள்.

வெர்னியர் விலை சில நூறுதான். பெட்டியின் மேலே என்ன அச்சடித்திருந்தாலும் அதற்குப் படிக்கத் தெரியாது. அதுதான் அதனிடம் நல்ல குணம்!