பெயர் அறியாப் பூச்சிகள்

வயல்வெளியில் உலாவச் செல்வோர் முன்பின் கண்டிராத பூச்சி ஒன்றையேனும் காணாமல் திரும்புவது அரிது. கண்டவுடன் நாம் செய்வது இரண்டில் ஒன்று: உடன் வருபவரிடம் அதன் பெயரைக் கேட்போம், அல்லது, எதற்கும் இருக்கட்டும் என்று மிதித்துவிடுவோம். இவ்விரண்டுக்கும் முன்னர்ச் செய்யத் தக்கது ஒன்றுண்டு. சற்றே நின்று பார்ப்பதுதான் அது. கால்கள் எத்தனை, சிறகுகள் எத்தனை, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்னும் மூன்று வினாக்களே தொடக்கத்திற்குப் போதும்.

முதலில் கால்களைப் பார்ப்போம். வட இந்தியச் சமவெளியில் முதல் மழை பெய்து ஓய்ந்ததும், சிவப்பு வெல்வெட்டுத் துணியைக் கத்தரித்துப் போட்டாற்போன்ற சிற்றுயிர்கள் ஈர மணலில் ஊர்ந்து வரும். இந்தியில் இதனைப் பீர்பஹூட்டி என்பர், வடமொழியில் இந்திரகோபம், தமிழில் தம்பலப்பூச்சி, சங்கப் புலவர்கள் மூதாய் என்றனர். பெயர்கள் யாவும் அழகியவையே. எனினும் அவை கூறாத உண்மையைக் கால்கள் கூறிவிடுகின்றன. பூச்சிக்குக் கால்கள் ஆறு. வளர்ந்த தம்பலப்பூச்சிக்கோ எட்டு. ஆகவே இது பூச்சியன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவினம்.

அடுத்துச் சிறகுகள். மஞ்சளும் கறுப்புமாக வரிகள் கொண்டு, மலருக்கு மேலே அந்தரத்தில் அசையாது நிற்கும் ஒன்றைக் குளவியெனக் கருதி விலகுகிறோம். குளவிக்குச் சிறகுகள் நான்கு, இதற்கு இரண்டே. எண்ண இயலாவிடின் இடையைப் பார்க்கலாம். குளவிக்கு ஒடுங்கிய இடை, இதற்கு அஃதில்லை. இது கொடுக்கற்ற ஓர் ஈ. பறவைகளை ஏமாற்றவே இந்தக் குளவி வேடம்.

மூன்றாவது வினாவே உழவர்க்கு மிகவும் பயன்படுவது. பனிக்காலத்தில் கடுகுச் செடியின் தண்டில் அசுவினிகள் அப்பியிருக்கும். அவற்றினிடையே கருநிற உடலில் ஆரஞ்சுப் புள்ளிகள் கொண்ட புழு ஒன்று திரியும். தோற்றத்தைக் கண்டு அதுவே பயிரை அழிக்கிறது என எண்ணத் தோன்றும். சிறிது நேரம் கவனித்தால், அது அசுவினிகளைப் பிடித்துத் தின்பது புலனாகும். ஏழு கரும்புள்ளிகளுடன் நாம் விரும்பி நோக்கும் பொறிவண்டின் இளம்பருவமே அப்புழு. தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான அசுவினிகளை உண்பது. கண்டபடி மருந்து தெளித்தால் பகைவனோடு காவலனும் மடிகிறான்; விரைந்து பெருகும் அசுவினியோ காவலின்றி மீண்டும் தழைக்கிறது.

பார்ப்பது வேறு, தொடுவது வேறு. மழைக்காலப் பூக்களில் கறுப்பும் ஆரஞ்சும் பட்டையிட்ட கொப்புள வண்டு அமர்ந்திருக்கும். அதன் உடலில் கசியும் நீர் பட்டால் தோல் கொப்புளிக்கும். சிறுவர்க்கு இதனை முன்கூட்டியே சொல்லி வைத்தல் நலம்.

கண்ட நாள், இடம், அமர்ந்திருந்த செடி, கால், சிறகு, செய்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோமாக. பெயரை அறிந்தவரிடம் பின்னர்க் கேட்டுக்கொள்ளலாம். மிதிபட்ட உயிரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.