கொடிகள் மோதும் நகரில் சட்டம் எங்கே கோடு போடுகிறது?

2024 நவம்பர் 3. கனடாவின் பிறம்ரன் நகரில், கோர் வீதியிலுள்ள ஹிந்து சபா மந்திர் கோவிலில் இந்தியத் தூதரக அதிகாரிகள் முகாம் நடத்தினார்கள். ஓய்வூதியம் தொடர்ந்து கிடைக்க, முதியவர்கள் ஆண்டுதோறும் காட்டவேண்டிய உயிர்வாழ்வுச் சான்றிதழை வழங்குவதற்கான முகாம் அது. வெளியே, சீக்கியருக்குத் தனிநாடு கோரும் காலிஸ்தான் ஆதரவாளர்கள் கூடினார்கள். எதிர்த்தரப்பும் கொடிகளோடு திரண்டது. சற்று நேரத்தில் கொடிக்கம்பங்களே தடிகளாயின. மறுநாளும் கோவில் முன்றலில் பெருங்கூட்டம் சேர்ந்தது.

2021 குடிசன மதிப்பீட்டின்படி பிறம்ரனின் மக்கள்தொகை ஆறரை லட்சத்துக்கும் மேல். அதில் பாதிக்கும் அதிகமானோர் தெற்காசியர். ஊரில் எதிரெதிர் அணிகளில் நின்றவர்கள் இங்கே ஒரே பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள், ஒரே கடையில் மரக்கறி வாங்குகிறார்கள். பழைய பகை இங்கே வெடித்தால் அதை எப்படிக் கையாள்வது?

முதல் வழி, சட்டம். மோதல் நடந்த அதே மாதத்தில் மாநகர சபை ஒரு துணைவிதியை நிறைவேற்றியது. வழிபாட்டிடங்களிலிருந்து 100 மீற்றருக்குள், உள்ளே செல்பவர்களை அச்சுறுத்தும் ஆர்ப்பாட்டங்களுக்கு அது தடை விதிக்கிறது. அமைதியான போராட்டத்தைத் தடுக்கவில்லை. கனடாவின் உரிமைகள் சாசனம் கருத்துரிமையையும் அமைதியாகக் கூடும் உரிமையையும் காப்பதால், சபை போடக்கூடிய கோடு இவ்வளவுதான்: கருத்தைச் சொல்லலாம், கும்பிட வருபவரை மிரட்டக் கூடாது.

இரண்டாவது வழி, நீதிமன்றம். இதை ஈழத்தமிழராகிய நாம் நேரடியாக அறிவோம். தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டத்தை ஒன்ராறியோ சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றியது. மாகாணத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சில இலங்கைக் கனேடிய அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2022இல் மேல்நிலை நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது, மேன்முறையீடும் தோற்றது. 2025 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றமும் அதை விசாரிக்க மறுத்துவிட்டது. இரு தரப்புக்கும் உயிரான விடயம் அது. ஆனாலும் சண்டை வழக்கறிஞர்களின் வாதத்தோடு நின்றது.

மூன்றாவது வழி, சபை மண்டபம். போரின் இறுதியில் கொல்லப்பட்ட தமிழரை நினைவுகூரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் இடிக்கப்பட்டபோது, பிறம்ரன் சபை இங்கே ஒரு தமிழ் இனப்படுகொலை நினைவகம் அமைக்கத் தீர்மானித்தது. 2025 மே 10இல் அது சிங்குவாகூசி பூங்காவில் திறக்கப்பட்டது. இலங்கை அரசு கனடியத் தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. இங்குள்ள சிங்கள அமைப்புகளும் எதிர்த்தன. எதிர்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, நினைவுகூரும் உரிமை நமக்கும் உண்டு.

‘பழசை மறந்துவிடுங்கள்’ என்பது இணக்கத்துக்கான வழியல்ல. இழந்தவர்களிடம் மறதியைக் கேட்டால் கோபம்தான் வளரும். சொல்வதற்கு இடமும், எதிர்ப்பதற்கு இடமும், இரண்டுக்கும் எல்லையும் இருக்கும்போதே ஒரு நகரம் நிம்மதியாக வாழும்.

அந்த எல்லையைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு. நமது குற்றச்சாட்டு ஓர் அரசின் மீதானது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் மீதோ, வகுப்பில் அருகிலிருக்கும் பிள்ளையின் மீதோ அல்ல. நீதி கேட்டுப் பதாகை பிடிப்போம், வழக்காடுவோம், சபையில் பேசுவோம். கை ஓங்குபவர் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும், நம்மவராகவே இருந்தாலும், முதலில் நாமே தடுத்து நிறுத்துவோம்.